கெட்டுப்போன குளிர்பானமும் கருகிய முட்டைக்கோசும்: ஒரு கோந்தின் கதை

வீட்டில் இருக்கும் சில்லி சாஸ் பாட்டிலை எடுத்து மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். சாஸ் லேசில் வராது. நன்றாகக் குலுக்கிவிட்டுக் கவிழ்த்தால் குபுக்கென்று கொட்டும். ஆனால் தட்டில் விழுந்த அடுத்த நொடியே ஓடாமல் அப்படியே குவிந்து நின்றுவிடும். குலுக்கினால் தண்ணீர், விட்டால் கெட்டி. இது என்ன வித்தை?

விடை அந்த பாட்டிலின் லேபிளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். பல கம்பெனி சாஸ்களில் 'நிலைப்படுத்தி 415' என்று போட்டிருப்பார்கள். அந்த 415 என்ற எண்ணுக்குச் சொந்தக்காரரின் பெயர் சாந்தன் கம். கம் என்றால் கோந்து. ஆனால் இது வேப்பமரத்திலோ கருவேல மரத்திலோ வடியும் கோந்து இல்லை. முட்டைக்கோசை அழுக வைக்கும் ஒரு பாக்டீரியா தன் உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் வழவழப்பு! அதைத்தான் உலகம் முழுக்க சாஸிலும் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கலக்கிறார்கள்.

முகம் சுளிக்க வேண்டாம். ஆலைக்காரர்களும் விவசாயிகளும் நூறு வருடமாகத் திட்டித் தீர்த்த ஒரு கசடு எப்படிக் கோடிக்கணக்கில் புரளும் வியாபாரம் ஆனது, அதற்கு உழைத்தவர் யார், லாபம் யாருக்குப் போனது என்பதெல்லாம் சுவையான கதை.

சர்க்கரை ஆலைக்காரர்களின் தலைவலி

கதை ஆரம்பிப்பது சாந்தனிடம் இல்லை. அதற்கு மூத்த அண்ணன் ஒருவர் உண்டு. பெயர் டெக்ஸ்ட்ரான்.

19ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சர்க்கரை ஆலைகளில் அடிக்கடி ஒரு தொல்லை வரும். பீட்ரூட் சாறு திடீரென்று கோழை மாதிரி கெட்டியாகிவிடும். குழாய் அடைக்கும். வடிகட்டி அடைக்கும். பாகு வடியாது. ஒயின் தயாரிப்பவர்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. நல்ல ஒயின் எண்ணெய் போல நூல் நூலாக ஒழுகும். 1861ல் லூயி பாஸ்டர் இந்தக் கொழகொழப்புக்குக் காரணம் நுண்ணுயிர்கள்தான் என்று காட்டினார். 1874ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷெய்ப்லர் அந்தக் கொழகொழப்புப் பொருளுக்கு டெக்ஸ்ட்ரான் என்று பெயர் வைத்தார். ஒளியை வலப்பக்கம் திருப்பும் பொருள் என்பதால் அந்தப் பெயர். 1878ல் வான் டீகெம் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவுக்கு லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்று பெயர் சூட்டினார்.

கொஞ்சம் வேதியியல். பயப்பட வேண்டாம், பத்தே வரிதான்.

சர்க்கரை மூலக்கூறு ஒன்றை ஒரு பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பூக்களைத் தொடுத்தால் மாலை. அந்த மாலைக்குத்தான் பாலிசாக்கரைடு என்று பெயர். அரிசியில் இருக்கும் மாவுச்சத்தும் ஒரு மாலை. பருத்தியில் இருக்கும் செல்லுலோசும் ஒரு மாலை. இரண்டிலும் பூ ஒன்றுதான், குளுக்கோஸ். ஆனால் தொடுத்த விதம் வேறு. அதனால்தான் சோற்றைச் சாப்பிடுகிறோம், வேட்டியைச் சாப்பிட முடிவதில்லை. செடிகள் மாதிரியே பல நுண்ணுயிர்களும் மாலை தொடுக்கின்றன. சில தங்கள் செல்லுக்கு வெளியே அதைத் தள்ளுகின்றன. காய்ந்து போகாமல் இருக்கவும், ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளவும், எதிரிகளிடமிருந்து தப்பிக்கவும் அது அவற்றுக்குப் போர்வை. தண்ணீரில் இந்த நீண்ட மாலைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் தண்ணீரே கெட்டியாகிவிடுகிறது.

வெட்டிய கரும்பை உடனே ஆலைக்குக் கொண்டுபோகாமல் போட்டு வைத்தால் இன்றைக்கும் இதே டெக்ஸ்ட்ரான் உருவாகிறது. இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதை, அது ஒளியை எவ்வளவு வலப்பக்கம் திருப்புகிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். டெக்ஸ்ட்ரானோ சர்க்கரையை விடப் பல மடங்கு வலுவாக ஒளியைத் திருப்பும். அதனால் இல்லாத சர்க்கரை இருப்பதாகக் கருவி காட்டும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா ஆலையின் கணக்குப் புத்தகத்தில் பொய்க்கணக்கு எழுதுகிறது!

இன்னொரு விஷயம். லூக்கோநாஸ்டாக் என்ற பெயர் வாயில் நுழையாமல் இருக்கலாம். ஆனால் ஆள் நமக்கு ரொம்ப நாள் பழக்கம். ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அந்தப் பொங்கலுக்கு முக்கியக் காரணம் இந்த லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ்தான் என்று 1965ல் வந்த ஆய்வு ஒன்று நிறுவியது. ஐரோப்பிய ஆலைகளுக்கு வில்லன், நம்மூர் அடுப்படிக்கு வேலைக்காரன்.

கசடு மருந்தான கதை

1940களின் தொடக்கம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஸ்வீடன் நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பியோர்ன் இங்கெல்மன் என்பவர் பீட்ரூட் சாற்றில் வரும் கொழகொழப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடன் ஆண்டர்ஸ் குரோன்வால் என்ற மருத்துவரும் சேர்ந்தார். இருவருக்கும் ஒரு யோசனை வந்தது. இதையே ரத்தத்துக்குள் செலுத்தினால் என்ன?

யோசனை கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் காரணம் இருந்தது. போரில் காயப்பட்டவனுக்கு ரத்தம் நிறைய வெளியேறினால், ரத்தக்குழாயில் அளவு குறைந்து, அழுத்தம் இறங்கி, அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்துவிடுவான். வெறும் உப்புத் தண்ணீர் ஏற்றினால் அது ரத்தக்குழாய்க்குள் அதிக நேரம் தங்காது. பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மா ஏற்றலாம். ஆனால் அது எப்போதும் கிடைக்காது. பலருடைய பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து வைப்பதால் மஞ்சள்காமாலைக் கிருமியும் கூடவே வரும். டெக்ஸ்ட்ரானோ பெரிய மூலக்கூறு. குழாய்ச் சுவரைத் தாண்டிச் சட்டென்று வெளியேறாது. தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆனால் பாக்டீரியா தொடுக்கும் மாலை மிக நீளம். அப்படியே ஏற்ற முடியாது. அமிலத்தால் துண்டு துண்டாக நறுக்கி, சரியான நீளமுள்ள துண்டுகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து முடித்தார்கள். பார்மசியா என்ற ஸ்வீடன் நிறுவனம் 1947ல் மேக்ரோடெக்ஸ் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 1959ல் டெக்ஸ்ட்ரானைச் சின்னச் சின்ன மணிகளாக்கி செபாடெக்ஸ் என்று வெளியிட்டது. புரதங்களை அளவு வாரியாகச் சலித்துப் பிரிக்கும் சல்லடை அது. அன்றைக்கு உலகத்து உயிர்வேதியியல் ஆய்வகங்களின் வேலையையே அது மாற்றிப் போட்டது. எல்லாம் குழாய் அடைத்த கசடிலிருந்து வந்ததுதான்.

பியோரியாவின் வேதியியலாளர்

இப்போது அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே பியோரியா என்று ஒரு ஊர். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. 1930களில் அமெரிக்க விவசாயிகளுக்கு விளைச்சல் அதிகம், விலை இல்லை. உபரி விளைபொருளுக்குப் புதுப்புது உபயோகம் கண்டுபிடித்தால் விலை தேறும் என்று அமெரிக்க அரசு நினைத்தது. 1938ல் சட்டம் போட்டு நான்கு வட்டார ஆய்வகங்களை உருவாக்கியது. அதில் ஒன்று பியோரியாவில் 1940ல் திறக்கப்பட்டது. பென்சிலினைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழியைப் போர்க்காலத்தில் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இதே ஆய்வகம்தான். அதற்குக் கைகொடுத்தது சோள மாவு ஆலையின் கழிவு நீர்!

1941ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஆலின் ஜீன்ஸ். டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ ஊரில் 1906ல் பிறந்தவர். பெண்கள் வேதியியலில் முன்னேறுவது எளிதாக இல்லாத காலம். முதுகலை முடித்துவிட்டுச் சில வருடம் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு மறுபடி படித்து 1938ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். பியோரியாவில் அவருக்குக் கொடுத்த வேலை மாவுச்சத்தும் அதைப் போன்ற பாலிசாக்கரைடுகளும். அந்த வேலையில் 1976ல் ஓய்வு பெறும் வரை முப்பத்தைந்து வருடம் இருந்தார்.

ஒருநாள் ஆய்வகத்துக்கு உள்ளூர்க் குளிர்பானக் கம்பெனி ஒன்றிலிருந்து கெட்டுப்போன ரூட் பியர் வந்து சேர்ந்தது. பெயரில்தான் பியர், அது சாராயம் இல்லாத இனிப்புப் பானம். பாட்டிலுக்குள் பானம் வழவழவென்று கெட்டியாகியிருந்தது. கம்பெனிக்குத் தெரிய வேண்டியது 'ஏன் இப்படி ஆச்சு?' என்பது மட்டும்தான். ஜீன்ஸ் பார்த்தது வேறு. டெக்ஸ்ட்ரானை ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு அதை அள்ளி அள்ளிக் கொடுக்கும் பாக்டீரியா தானாக வீடு தேடி வந்திருக்கிறது. அந்த பாட்டிலிலிருந்து பிரித்தெடுத்த லூக்கோநாஸ்டாக் வகைக்கு பி-512 என்று எண் கொடுத்தார்கள்.

அதோடு விடவில்லை. டெக்ஸ்ட்ரான் என்பது ஒரே பொருள் இல்லை, பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தொடுக்கும் விதம் மாறும் என்பதால் 96 வகைப் பாக்டீரியாக்களின் டெக்ஸ்ட்ரான்களை ஜீன்ஸ் குழு ஒவ்வொன்றாக அலசி வகைப்படுத்தியது. 1954ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. பொறுமைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இதற்கிடையே 1950ல் கொரியப் போர் வந்துவிட்டது. மறுபடி பிளாஸ்மாவுக்கு மாற்று தேவைப்பட்டது. பியோரியாவின் ஆராய்ச்சி கைகொடுத்தது. அமெரிக்காவில் தயாரித்த டெக்ஸ்ட்ரான் கொரியாவிலும் பிறகு வியட்நாமிலும் காயப்பட்ட வீரர்களுக்கு ஏற்றப்பட்டது. ஒரு கெட்டுப்போன குளிர்பான பாட்டில் போர்க்களத்தில் உயிர் காத்தது. 1953ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் சிறப்புச் சேவை விருது ஜீன்ஸுக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1956ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கார்வன் பதக்கம் வந்தது.

கோந்துக்குப் பஞ்சம்

பலர் இதோடு திருப்தியாகி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஆய்வகத்தின் உண்மையான வேலை இன்னும் பாக்கி இருந்தது. உபரிச் சோளத்துக்கு வியாபாரம் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போது உலகத்தில் கோந்து வியாபாரம் எப்படி இருந்தது என்று பாருங்கள். கருவேல இனத்துக் கோந்து சூடானிலிருந்து வர வேண்டும். டிரககாந்த் கோந்து ஈரானிலிருந்து. லோகஸ்ட் பீன் மத்திய தரைக்கடல் நாடுகளிலிருந்து. கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் ஜப்பானிலிருந்து. மழை பொய்த்தால் விலை ஏறும். போர் வந்தால் சரக்கே வராது. ஜப்பானோடு போர் மூண்டபோது அமெரிக்காவுக்கு அகர் வரவு நின்றே போனது. உணவு, மருந்து, அச்சு, துணி என்று கோந்து வேண்டாத தொழில் கிடையாது. பொருளாதாரப் பாடத்தில் வருமே, தேவை நெகிழாது, அளிப்பு நிச்சயமில்லை என்று, அதற்கு அச்சு அசலான உதாரணம்.

சோளத்திலிருந்து குளுக்கோஸ் எடுத்து, அதைப் பாக்டீரியாவுக்குத் தின்னக் கொடுத்து, தொட்டிக்குள் கோந்து தயாரித்தால்? மழையும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ஜீன்ஸ் குழு 1950களில் ஆய்வகத்தின் நுண்ணுயிர்ச் சேகரிப்பில் இருந்த பாக்டீரியாக்களை வரிசையாகச் சோதிக்கத் தொடங்கியது. அதில் அகப்பட்டது பி-1459. டர்னிப்புக்குச் சொந்தமான ருட்டபாகா என்ற கிழங்குச் செடியிலிருந்து எடுத்த சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ்.

இந்தப் பெயரும் விவசாயிகளுக்கு வேண்டாத பெயர். முட்டைக்கோஸ், காலிபிளவர் வகைகளில் வரும் கருப்பு அழுகல் நோய்க்கு இதுதான் காரணம். இலை ஓரத்தில் ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் மஞ்சள் திட்டு தோன்றும். நரம்புகள் கருக்கும். பிறகு செடி அழுகும். செடிக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் பாக்டீரியாவும் அதன் வழவழப்பும் சேர்ந்து அடைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். சர்க்கரை ஆலையில் குழாய் அடைத்த அதே கதை, இங்கே செடிக்குள்! நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோய் கொண்டுவந்து தமிழ்நாட்டு விவசாயியை அழ வைப்பதும் இதே சாந்தோமோனாஸ் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியாதான். சாந்தோஸ் என்றால் கிரேக்க மொழியில் மஞ்சள். மஞ்சள் நிறத்தில் வளர்வதால் அந்தப் பெயர். அதிலிருந்துதான் சாந்தன் என்ற பெயரும் வந்தது. மற்றபடி சாந்த குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

1961ல் ஜீன்ஸும் அவருடைய சக ஆய்வாளர்கள் பிட்ஸ்லி, சென்டி இருவரும் பி-1459 தந்த பாலிசாக்கரைடின் குணங்களை ஆய்விதழில் வெளியிட்டார்கள். படித்தவர்களுக்கு ஆச்சரியம்.

அப்படி என்ன குணம்?

முதலாவது, சிக்கனம். நூறு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டாலே போதும், கெட்டியாகும். உணவில் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழேதான் சேர்க்கிறார்கள்.

இரண்டாவது, ஆரம்பத்தில் பார்த்த சாஸ் வித்தை. சும்மா இருக்கும்போது மாலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலை மாதிரி நிற்கும். குலுக்கினால், கலக்கினால், ஊற்றினால் வலை கலைந்து மாலைகள் ஓட்டத்தின் திசையில் வரிசையாகத் திரும்பிக்கொள்ளும். உடனே இளகிவிடும். அசைவு நின்றதும் வலை மறுபடி பின்னிக்கொள்ளும்.

மூன்றாவது, உறுதி. பல கோந்துகள் சூடு பட்டால் இளகிவிடும், புளிப்பு பட்டால் கெட்டுவிடும், உப்பு பட்டால் திரிந்துவிடும். சாந்தன் இந்த மூன்றுக்கும் பெரிதாக அசையாது. ஊறுகாய் போல உப்பும் புளிப்பும் சேர்ந்த சாஸிலும் தன் வேலையைச் செய்யும்.

இந்த உறுதிக்குக் காரணம் அதன் அமைப்பு. 1975ல்தான் அந்த அமைப்பு தெளிவாகத் தெரிந்தது. நடுவில் முதுகெலும்பு போல ஓடுவது பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ் சங்கிலி. ஒன்று விட்டு ஒரு குளுக்கோசில் மூன்று சர்க்கரை கொண்ட கிளை ஒன்று தொங்கும். வெறும் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. இந்தக் கிளைகள் இருப்பதால் கரைகிறது. அந்தக் கிளைகளே முதுகெலும்பின் மேல் படிந்து அதைக் கவசம் போலக் காக்கவும் செய்கின்றன.

ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் கெல்கோ என்று ஒரு கம்பெனி. 1929ல் தொடங்கியது. கடலில் வளரும் கெல்ப் என்ற பெரிய பாசியை அறுவடை செய்து அதிலிருந்து கெட்டியாக்கும் பொருள் எடுத்து விற்றுவந்தது. ஏற்கெனவே கோந்து வியாபாரத்தில் இருந்ததால் அரசு ஆய்வகத்தின் கண்டுபிடிப்பு என்ன விலை போகும் என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. 1960 வாக்கில் சிறிய அளவில் தயாரிப்பு ஆரம்பித்தார்கள். 1964ல் முழு அளவு வியாபாரத்துக்கு வந்தார்கள்.

தயாரிப்பு முறையைக் கேட்டால் இட்லி மாவு புளிக்க வைப்பது மாதிரிதான் தோன்றும். பெரிய தொட்டியில் சர்க்கரைக் கரைசல், பாக்டீரியாவுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து, தாது உப்புகள். சுமார் 30 டிகிரி வெப்பம். காற்று ஊதிக்கொண்டே இரண்டு மூன்று நாள். ஆனால் சிக்கல் ஒன்று உண்டு. பாக்டீரியா நன்றாக வேலை செய்யச் செய்ய தொட்டியே கெட்டியாகிக்கொண்டு போகும். கெட்டியானால் காற்று உள்ளே போகாது. காற்று போகாவிட்டால் பாக்டீரியா வேலை செய்யாது. பாக்டீரியா தன் வெற்றியாலேயே மூச்சு முட்டி நிற்கும். வலுவான கலக்கிகள் போட்டு இதைச் சமாளிக்க வேண்டியிருந்தது. கடைசியில் சூடாக்கிப் பாக்டீரியாவைக் கொன்று, ஆல்கஹால் ஊற்றினால் சாந்தன் நார் நாராகத் திரண்டு வரும். அதைக் காயவைத்து அரைத்தால் வெள்ளைப் பொடி.

அடுத்து, இதை மனிதர் சாப்பிடலாமா என்ற கேள்வி. செடிக்கு நோய் தரும் பாக்டீரியாவின் பொருள் அல்லவா? விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளுக்குப் பிறகு 1969ல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்தது. அதன்பின் ஒவ்வொரு நாடாக அனுமதித்தன. சாலட் சாஸில் எண்ணெயும் வினிகரும் பிரியாமல் இருக்க, ஐஸ்கிரீமில் பனித்துகள் பெரிதாகாமல் இருக்க, பற்பசை தூரிகை மேல் நிற்க, மருந்து சிரப்பில் தூள் அடியில் தங்காமல் இருக்க என்று வேலைகள் கூடிக்கொண்டே போயின. டிரககாந்த் கோந்து இருந்த பல இடங்களைச் சாந்தன் பிடித்தது. கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரொட்டி சுடும்போது, மாவு உதிராமல் பிடித்துவைப்பதும் இதுதான்.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடிக்கையாளரும் கிடைத்தார். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்! பூமியைத் துளைக்கும்போது உள்ளே ஒரு சேற்றுக் கரைசலைச் செலுத்துவார்கள். அது துளைக்கும் முனையில் வேகமாக, இளகலாக ஓட வேண்டும். பம்பு நின்றாலோ, உடைந்த பாறைத் துகள்கள் கீழே விழுந்து அடைக்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஓடினால் இளகல், நின்றால் கெட்டி. சாஸ் பாட்டிலின் அதே வித்தை, பல ஆயிரம் அடி ஆழத்தில்.

எல்லாமே நல்ல செய்தி மட்டும் இல்லை. 2011ல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளின் பாலைக் கெட்டியாக்கப் பயன்பட்ட, சாந்தன் கலந்த ஒரு பொருளைக் கொடுக்க வேண்டாம் என்று அதே கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சில குழந்தைகளுக்குக் குடலில் கடுமையான பாதிப்பு வந்ததுதான் காரணம். பெரியவர்களுக்குத் தீங்கில்லாதது பச்சைக் குழந்தைக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. டெக்ஸ்ட்ரானும் அப்படித்தான். சிலருக்கு ஒவ்வாமை, ரத்தம் உறைவதில் சிக்கல் என்று தெரியவந்தபின் அதை ஏற்றுவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் ரத்தசோகைக்கான இரும்புச்சத்து ஊசியிலும் கண் வறட்சிக்கான சொட்டு மருந்திலும் அதன் பெயரை இன்றும் பார்க்கலாம். பல்லில் படியும் காரையைக் கெட்டியாக ஒட்டவைப்பதும் டெக்ஸ்ட்ரானுக்குச் சொந்தக்காரப் பாலிசாக்கரைடுதான். சர்க்கரையைத் தின்று அதைத் தயாரிப்பது வாயில் வாழும் பாக்டீரியா.

சாந்தன் வழி காட்டியபின் தம்பிகளும் வந்தார்கள். ஜப்பானில் 1960களில் கர்ட்லான், 1970களில் புல்லுலான், அதே 1970களின் கடைசியில் கெல்கோவின் ஜெல்லான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நுண்ணுயிர், ஒரு தனி குணம்.

கடைசியில் கணக்கு

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கெல்கோ 1972ல் மெர்க் என்ற மருந்துக் கம்பெனியின் கைக்குப் போனது. 1995ல் மான்சான்டோ வாங்கியது. 2000ல் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து சி.பி. கெல்கோ ஆனது. 2004ல் ஹியூபர் என்ற நிறுவனம் வாங்கியது. 2024ல் பிரிட்டனின் டேட் அண்ட் லைல் நிறுவனம் அதை சுமார் 180 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அந்த விலை சாந்தனுக்கு மட்டும் இல்லை, மற்ற கோந்துகளும் சேர்ந்துதான். இடையில் சீனா களத்தில் இறங்கிப் பெரிய உற்பத்தியாளர் ஆனது. சீனச் சாந்தன் அடிமாட்டு விலைக்கு வருகிறது என்று அமெரிக்கக் கம்பெனி புகார் செய்ய, 2013ல் அமெரிக்க அரசு அதன் மேல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. சோளம் விளைந்த ஊரில் பிறந்த கோந்து, கடல் தாண்டிப் போய், போட்டியாளனாகத் திரும்பி வந்தது.

இந்த வரவு செலவில் ஆலின் ஜீன்ஸ் பெயரில் எந்த வரவும் இல்லை. அவர் அரசு ஊழியர். மாதச் சம்பளம்தான். பத்துக் காப்புரிமைகளில் அவர் பெயர் உண்டு, ஆனால் அரசு வேலையில் செய்த கண்டுபிடிப்பு அரசுக்குத்தான். 1962ல் அரசுப் பணியில் சிறந்த பெண்களுக்கான கூட்டரசு மகளிர் விருது கிடைத்தது. 1995ல் இறந்தார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் தேசியப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2017ல். இறந்து இருபத்திரண்டு வருடம் கழித்து.

இதை அநியாயம் என்று சொல்லலாமா? ஒரு பக்கம் அப்படித்தான் தோன்றுகிறது. மறுபக்கம் யோசித்தால், எந்தத் தனியார் கம்பெனி 96 பாக்டீரியாக்களின் கசடை வரிசையாக ஆராய ஒருவருக்கு வருடக்கணக்கில் சம்பளம் கொடுத்திருக்கும்? முதல் வருடத்திலேயே 'இதனால் லாபம் என்ன?' என்று கேட்டுக் கோப்பை மூடியிருக்கும். லாபம் எங்கே இருக்கிறது என்று தெரியாத காலத்தில் செலவு செய்தது பொதுப்பணம். தெரிந்தபின் முதல் போட்டது தனியார். ஆலையைக் கட்டி, தொட்டியில் காற்று போகும் வழி கண்டு, அனுமதி வாங்கி, சந்தை பிடித்தது கெல்கோவின் சாமர்த்தியம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் லாப நஷ்டக் கணக்கில் முதல் வரியாக இருக்க வேண்டியது, எந்தக் கம்பெனியின் ஏட்டிலும் இல்லாத அந்த ஆய்வகச் செலவுதான். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தை வீண் செலவு என்று வெட்டச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கெட்டுப்போன பானத்தைச் சாக்கடையில் கொட்டியிருக்கலாம். அழுகிய செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்தார்கள், நூறு வருடமாக. ஒருவர் மட்டும் நின்று, 'இது என்ன?' என்று கேட்டார். கேட்கச் சொல்லி அவருக்கு ஒரு இடமும் சம்பளமும் இருந்தது.

அடுத்த தடவை சில்லி சாஸ் பாட்டிலைக் குலுக்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 415 என்ற எண் இருக்கும். ஆலின் ஜீன்ஸ் என்ற பெயர் இருக்காது. நினைவிலாவது இருக்கட்டும்.